மறுபடி கேட்டால்

வெற்றிலையை ஒற்றை ஒற்றையாக எண்ணுகிறவள் சோழவந்தானில் பிழைக்க முடியாது. காலை ஆறரைக்குக் கொடிக்காலிலிருந்து கூடைகள் வந்து இறங்கினால், பத்து மணி வேனுக்குள் அத்தனையையும் தரம் பிரித்து, காம்போடு காம்பு சேர்த்து அடுக்கி, எண்ணி, வாழைநாரால் கட்டி, தண்ணீர் தெளித்து வைத்துவிட வேண்டும். நூறு இலை ஒரு கவுளி. கை ஒரு தடவைக்கு இரண்டு இலையாக இழுக்கும், வாய் அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஒன்று என்றுகூடச் சொல்லாது. முதல் எண்ணுக்கு 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்கும். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று போய் ஐம்பது வந்தால் கவுளி முடிந்தது. கனகா பதினோரு வருஷமாக இப்படித்தான் எண்ணுகிறாள். அவள் கட்டிய கவுளியில் ஒரு இலை குறைந்தது என்று இதுவரைக்கும் எந்த வியாபாரியும் வந்து நின்றதில்லை.

அவள் மகள் பிருந்தா அந்த வெற்றிலைக் கொட்டகையில்தான் தவழ்ந்தாள், அங்கேதான் நடை பழகினாள். விளையாட்டுச் சாமான் என்று தனியாக எதுவும் கிடையாது. ஓட்டை விழுந்தது, பழுத்தது, நுனி கருகியது என்று பெண்கள் ஒதுக்கிப் போடும் இலைகளைப் பொறுக்கி அவளும் ஒரு மூலையில் உட்கார்ந்து அடுக்குவாள். நாலு வயதிலேயே ஐம்பது வரைக்கும் தட்டாமல் எண்ணினாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தாள், செய்தாள், வந்துவிட்டது.

எண்ணிக்கை மட்டுமா? அந்தப் பிள்ளை தன் பாட்டுக்கு எதையாவது யோசித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கொடிக்கால் வரப்பில் நின்றுகொண்டு, காற்று எப்படி வருகிறது என்று தனக்குத் தெரியும் என்றது.

"எப்புடி வருதாம்?" என்று கேட்டாள் ஒச்சாயி. கனகாவுக்கு எதிரே உட்கார்ந்து இலை அடுக்குகிறவள் அவள். ஐம்பது வயதைத் தாண்டியவள். வாய் அதிகம், மனசு வெள்ளை.

"அகத்தி மரம் ஆடுதுல்ல பெரியம்மா. அம்புட்டு மரமும் சேந்து ஆடுது. அதான் காத்து வருது."

"அடி இவளே! காத்தடிச்சா மரம் ஆடும். மரம் ஆடியா காத்தடிக்கும்?"

"விசிறி ஆடுனா காத்து வருதுல்ல? விசிறிய காத்தா வந்து ஆட்டுது?"

கொட்டகையே சிரித்தது. இன்னொரு நாள், அழகர் ஆற்றில் இறங்குவதால்தான் வைகையில் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். போன வருஷம் சித்திரையில் அழகர் வந்தார், தண்ணீர் வந்தது. அவர் போனார், தண்ணீரும் போய்விட்டது. அப்படியானால் மாதம் ஒருதரம் அழகரை வரச் சொல்லலாமே என்பது அவள் யோசனை. ஐந்து வயதுப் பிள்ளை, கண்ணால் கண்டதை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கிறது. முடிச்சு தப்பாக இருக்கலாம். போடத் தெரிந்திருக்கிறதே, அதுதான் விஷயம். ஆனால் அதை அங்கே யார் கண்டார்கள்?

வம்பு கப்பலூரிலிருந்து வந்தது. பிருந்தாவின் அப்பா சங்கிலி அங்கே ஒரு சாக்குப் பை கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். அந்தக் கம்பெனி முதலாளிக்கு மதுரை டவுனுக்குள் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பங்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இலவசமாக ஒரு சீட் கொடுப்பார்கள். ஒரே ஒரு சீட். இந்த வருஷம் மேனேஜர் விஸ்வநாத், சங்கிலியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதாக முத்துப்பாண்டி என்கிறவனின் மகன் பெயர் இருந்தது. முதல் பிள்ளை தேறவில்லை என்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

சங்கிலிக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தை அவனே நிரப்பினான். தாயின் தொழில் என்ற இடத்தில் 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதினான்.

"வெத்தல எண்ணுறேன்னு எழுதுனா என்ன?" என்றாள் கனகா.

"எழுது. கூலிக்காரி மகன்னு கடைசி பெஞ்சுல கொண்டு போயி ஒக்கார வப்பாய்ங்க. ஒங்க ஆத்தாவும் எங்க ஆத்தாவும் அடுத்தவன் வயல்ல குனிஞ்சு குனிஞ்சு செத்தது போதும். அங்க வந்து வெத்தல கொத்தலன்னு வாயத் தொறந்த, அன்னிக்கு இருக்கு ஒனக்கு."

அவன் சொன்னது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் பரீட்சை. பஸ் ஏறி, சிம்மக்கல்லில் இறங்கி, மொத்த வியாபாரக் கடைகளின் மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே புகுந்து நடந்தார்கள். கனகா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். பரீட்சை வைத்தது ஸ்ரீஜா என்ற சின்ன வயது மேடம். சிரித்த முகம். பிள்ளைகளின் புத்தி எந்த வயதில் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் என்று வாசலில் இருந்த ஆயா சொன்னாள். கனகாவைப் பின்னால் நாற்காலியில் உட்காரச் சொல்லி, நடுவில் பேசக்கூடாது என்றாள் மேடம்.

மேஜைமேல் சிவப்பு பட்டன்கள் பத்து.

"பிருந்தா பாப்பா, இதுல எத்தனை பட்டன் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க பாக்கலாம்."

பிருந்தா சட்டமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு விரலால் இரண்டு இரண்டு பட்டனாகத் தன் பக்கம் இழுத்தாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு மிஸ்."

"சரியா பாருங்க. எத்தனை?"

மறுபடியும் இழுத்தாள். "அஞ்சுதான் மிஸ்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். வேணுமின்னா நீங்க எண்ணிப் பாருங்க."

என்ன தைரியம் பாருங்கள். தான் எண்ணியதை எவர் கேட்டாலும் மாற்றத் தேவையில்லை என்கிற அந்தத் தைரியம் ஒரு மாதம்கூட அவளிடம் இருக்கப்போவதில்லை. ஸ்ரீஜா தாளில் ஏதோ எழுதினாள். காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அகத்தி மரம் என்று பதில் வந்தது. அதையும் எழுதினாள்.

கனகா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கண் முன்னால் பத்து பட்டன் கிடக்கிறது. மகள் அஞ்சு என்கிறாள். இலை எண்ணுவது கனகாவுக்குக் கையில் இருந்தது, புத்தியில் இல்லை. தன் மகள் தன்னைப் போலவேதான் எண்ணுகிறாள் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை.

"அம்மா, எண்ணுறதுல இவ வயசுக்கு ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கா," என்றாள் ஸ்ரீஜா. "சார் சொல்லி அனுப்பியிருக்கார், அதனால ஒரு மாசம் டைம் தரேன். வீட்ல தினமும் பழக்குங்க. விளையாட்டா சொல்லிக் குடுங்க, பயமுறுத்தாதீங்க. அடுத்த தடவையும் வரலைன்னா அடுத்த பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் கனகா மகளின் தொடையைத் திருகினாள். பிள்ளைக்கு எதற்கு என்று தெரியவில்லை. சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் அதுவரை ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கிலி சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைத்தான். மொச்சைக் குழம்பு சுவரெல்லாம் தெறித்தது.

"பத்துக்கு அஞ்சுங்குதாம்! விஸ்வநாத் சார் மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்? முத்துப்பாண்டி இப்பவே இளிக்கிறான், மாப்ள ஒம் மக எப்புடிறா எழுதுனான்னு. புத்தி எங்கயிருந்து வரும்? ஒன் வயித்துல பொறந்தது தானே!"

"எண்ணும்யா. நல்லாத்தான் எண்ணும். கொட்டாயில அம்பது வரைக்கும்..."

"அம்பதா? பத்துப் பட்டன எண்ணத் துப்பில்ல. ஒரு மாசந்தான் ஒனக்கும். இது தேறல, ஆத்தாளும் மகளும் அந்தக் கொட்டாயிலயே கெடந்து சாவுங்க, இங்கிட்டு வராதீக."

மறுநாள் இலை அடுக்கிக்கொண்டே கனகா அழுதாள். ஒச்சாயி நடந்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த பிருந்தாவைப் பார்த்தாள். பிள்ளை பழுத்த இலைகளை இரண்டு இரண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒச்சாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"அடி கூறு கெட்டவளே! ஒங் கையப் பாருடி மொதல்ல. அது ஒன்னையப் பாத்துல்ல எண்ணுது! பத்து பட்டன ரெண்டு ரெண்டா இழுத்தா அஞ்சுதான. எம்புட்டுச் சரியா எண்ணியிருக்கு எஞ் செல்லம்!"

கனகாவின் கை இலையோடு நின்றது. கையில் இரண்டு இலை இருந்தது.

"போயி அந்த மேடத்துட்டச் சொல்லுடி. இன்னமாரி இன்னமாரி, நாங்க வெத்தல எண்ணுறவுக, எங்க எண்ணிக்க இப்புடின்னு. படிச்ச பொம்பள, வெளங்கிக்கிரும்."

"என்னத்த மதினி சொல்ல? வீட்டுல சும்மா இருக்கேன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கு. இப்பப் போயி வெத்தலக் கொட்டாயி பிள்ளன்னு சொன்னா, பொய் சொன்னீகளான்னு அதுக்கே தொரத்தி விட்ருவாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா என்னையத் தோலுரிச்சுருவாக."

"உரிச்சா உரிக்கட்டும். பிள்ள மேல தப்பில்லையிலடி."

"எம் மேலதான் தப்பு," என்றாள் கனகா.

அந்த வார்த்தையோடு அவள் மனது ஒருமாதிரி இறுகிப்போனது. தன் கையில் இருந்த கூலிக்காரப் புத்தி மகளின் கைக்கு ஒட்டிக்கொண்டது, அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "இலைக்கு ரெண்டு, மத்ததுக்கெல்லாம் ஒண்ணு" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை டக்கென்று பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அன்றோடு பிருந்தா கொட்டகைக்கு வருவது நின்றது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினாளானால் பாடம்.

பாடம் என்றால் ஒரு சொளகு நிறையப் புளியங்கொட்டையும் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு தென்னங்குச்சியும். முறத்தைச் சொளகு என்பார்கள் அங்கே. அதில் ஒரு கை கொட்டையை அள்ளித் தரையில் போடுவாள்.

"எம்புட்டு?"

முதல் நாள் பிருந்தா இரண்டு இரண்டாக இழுத்தாள். குச்சி விரல் மொளியில், கணு எலும்பின்மேல் விழுந்தது.

"ஒண்ணு ஒண்ணா எடு."

"ஏம்மா? ரெண்டுதான லாபம்?"

"லாபங்கிற வார்த்த வாயில வரக்கூடாது." இன்னொரு அடி.

"நீ மட்டும் சொல்ற?"

அதற்கு இரண்டு அடி. பிள்ளைக்கு அழுகையைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நேற்று வரைக்கும் சரியாக இருந்தது இன்றைக்கு எப்படித் தப்பாகும்? அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கனகா கல் நெஞ்சுக்காரி அல்ல. எடுத்தவுடன் அடிக்க அவளுக்கே மனசு வரவில்லை. ஆகையால் மறுநாளிலிருந்து ஒரு தர்மம் வைத்துக்கொண்டாள். பதில் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கை கொட்டையை அள்ளிப் போடுவாள். தப்பாக இருந்தால் உடனே அடிக்காமல் "எம்புட்டு?" என்று இன்னொரு தரம் கேட்பாள். அதே குரல்தான். ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்பாள். பதிலை மாற்றிச் சரியாகச் சொன்னால் பிழைத்தது. மாற்றாவிட்டால் குச்சி. இது இரக்கத்தில் வைத்த ஏற்பாடு என்றுதான் கனகா கடைசி வரைக்கும் நம்பினாள்.

பத்து நாளில் பிருந்தா ஒற்றை ஒற்றையாக எண்ணப் பழகிவிட்டாள். இருபது வரைக்கும் தப்பில்லை. அதற்குள் மொளிகள் வீங்கி, இடது கை மோதிரவிரல் மடக்க வராமல் நின்றது. இரவில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவிட்டு, தூங்குகிற பிள்ளையின் கையை மடியில் வைத்துக்கொண்டு கனகா அழுவாள். மறுநாள் மதியம் குச்சியை எடுப்பாள்.

சங்கிலி இதையெல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டான். "இப்பத்தான் படிப்புன்னு ஒண்ணு நடக்குது இந்த வீட்டுல," என்றான்.

சித்ரா பௌர்ணமி வந்தது. ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. பிருந்தா காலையிலேயே பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அழகர் வராரு. தண்ணி வரும். போகலாமா?"

"அம்பது வரைக்கும் தப்பில்லாமச் சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

உட்கார்ந்தாள். வெளியே மேளமும் ஒலிபெருக்கியும் காதைப் பிளந்தன. கொட்டை விழுந்தது. எண்ணினாள். "பதினாலு."

சத்தத்தில் கனகாவுக்குக் கேட்கவில்லை. "எம்புட்டு?" என்றாள்.

பிருந்தாவின் முகம் வெளுத்தது. கொட்டைகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "பதிமூணு," என்றாள்.

இது காதில் விழுந்தது. கனகா எண்ணிப் பார்த்தாள். பதினான்கு. குச்சியை எடுத்தாள்.

"பராக்குப் பாக்கச் சொல்லுதா? மனசெல்லாம் ஆத்துலயா இருக்கு?"

அன்றைக்கு அழகரைப் பார்க்கப் போகவில்லை. பிள்ளை அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெடிச் சத்தம் அடங்கும்வரை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆற்றிலிருந்து வந்த ஈரக்கால் கூட்டம் தெருவில் போனதைப் பார்த்தும், தண்ணீர் எவ்வளவு வந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

வைகாசி பிறந்தபிறகு ஒச்சாயி ஒருநாள் கருவாடு கொடுக்க வந்தாள். பிருந்தா மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி ஆளையே காணோம் கொட்டாயிப் பக்கம்? சரி, சொல்லு, காத்து எதுனால வருது?" என்று வழக்கம்போல வம்புக்கு இழுத்தாள்.

பிருந்தா கனகாவின் முகத்தைப் பார்த்தாள். ஒச்சாயியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டிலும் எதையோ தேடினாள்.

"நீங்களே சொல்லுங்க பெரியம்மா," என்றாள். "நீங்க சொல்றதையே சொல்றேன்."

ஒச்சாயிக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி கனகா இது? மொளி அம்புட்டும் கன்றிக் கெடக்கு?"

"நூறு வரைக்கும் எண்ணுது மதினி இப்ப. ஒண்ணு ஒண்ணா. ஒரு தப்பு வராது. வேணுமின்னா கேட்டுப் பாருங்க."

"நான் ஒண்ணும் கேக்கல சாமி," என்றாள் ஒச்சாயி. கருவாட்டை வைத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். கனகாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. தன் மகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போவது கண்ணைக் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பரீட்சைக்கு அதே பட்டுப்புடவை, அதே பஸ். தேறினால் வரும்போது பருத்திப்பால் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். பிருந்தா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை வீக்கம் வடிந்திருந்தது. பவுடர் பூசி மீதியை மறைத்திருந்தாள் கனகா.

ஸ்ரீஜா பன்னிரண்டு பட்டன் வைத்தாள். பிருந்தா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "பன்னெண்டு மிஸ்." அடுத்து பதினேழு. சரி. அடுத்து இருபத்திரண்டு. சரி.

"வெரி குட்! சூப்பர் பிருந்தா!" ஸ்ரீஜா திரும்பிக் கனகாவைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நாற்காலியில் கனகாவுக்குக் கண் நிறைந்தது. பன்னிரண்டு வருஷப் படிப்பும் அந்த நிமிஷத்தில் கைக்கு வந்துவிட்டது. சங்கிலிக்கு உடனே போன் போட வேண்டும் என்று நினைத்தாள். பையில் போனைத் துழாவினாள்.

ஸ்ரீஜா ஏழு சிவப்பு பட்டனை ஒரு வரிசையாக வைத்தாள். அதற்கு நேர் கீழே ஏழு நீலப் பட்டன்.

"சிவப்பும் நீலமும் சமமா இருக்கா பிருந்தா?"

எண்ணினாள். "சமம் மிஸ். இதும் ஏழு, அதும் ஏழு."

"குட்." நீல வரிசையைத் தொட்டு, பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்து நீட்டினாள் ஸ்ரீஜா. ஒன்றையும் எடுக்கவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. பிறகு அதே சிரிப்போடு, அதே குரலில் கேட்டாள். "சிவப்பும் நீலமும் சமமா இருக்கா?"

பிருந்தா நிமிர்ந்தாள். மேஜைமேல் இருந்த இரண்டு கைகளையும் மெல்ல இறக்கித் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இல்ல மிஸ்," என்றாள். "நீலம் கூட."

ஸ்ரீஜாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இரண்டு கிளாசில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். சமமா என்றாள். சமம் என்றது பிள்ளை. ஒரு கிளாஸ் தண்ணீரை ஒல்லியான நெட்டைக் கிளாசுக்கு மாற்றிவிட்டு, சமமா என்று மறுபடி கேட்டாள். இல்லை என்றது பிள்ளை. களிமண் உருண்டை இரண்டை வைத்துக் கேட்டபோதும் அதேதான். முதல் தரம் சமம், இரண்டாம் தரம் இல்லை.

"எண்ண வருதும்மா, அது மனப்பாடம்," என்றாள் ஸ்ரீஜா, பேனாவை மூடிக்கொண்டே. "நீட்டி வச்சாலும் எண்ணிக்கை மாறாதுங்கிறது இன்னும் புரியல. நாங்க எடுக்கிற பிள்ளைங்களுக்கு இந்த வயசுல அது வந்திருக்கணும். இதை அடிச்சு உருட்டியெல்லாம் வரவழைக்க முடியாது, உள்ளயிருந்து தானா வளரணும். இன்னிக்கே லிஸ்ட் குடுக்கணும், அந்தப் பையனைக் கூப்பிட்டுர்றேன். மனசு கஷ்டப்படாதீங்க."

கனகா எழுந்து கும்பிட்டாள். எதற்குக் கும்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வெத்தலைக் கொட்டகை, லாபம், இரண்டு இரண்டு என்று எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. இனி அதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. பிள்ளைதான் இப்போது ஒற்றை ஒற்றையாக எண்ணுகிறதே.

பஸ்ஸில் ஜன்னலோரத்து சீட் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டுவதற்குள் சங்கிலி இரண்டு தரம் போன் போட்டான். கனகா எடுக்கவில்லை. வீட்டில் என்ன நடக்கும் என்பது தெரியும். அதைவிட ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைக்கா அது தெரியாது? தரையில் கொட்டைகள் சிதறி விழுந்தாலும் ஒன்றாகக் குவிந்து விழுந்தாலும் எத்தனை நாள் சரியாகச் சொல்லியிருக்கிறது.

"ஏண்டி," என்றாள். குரலில் கோபம் இல்லை, அதற்குத் தெம்பு இல்லை. "புளியங்கொட்டைய நீட்டி வச்சா கூடுமா?"

"கூடாது," என்றாள் பிருந்தா உடனே. "அதே ஏழுதான். யாரும் புதுசா ஒண்ணும் போடலயே."

"அந்தத் தண்ணி?"

"அதே தண்ணிதான். கிளாசுதான் ஒல்லி."

"பெறகு ஏண்டி அங்கன அப்புடிச் சொன்ன?"

"மிஸ்ஸு மறுபடி கேட்டாகல்ல."

"கேட்டா?"

"மறுபடி கேட்டா மொத சொன்னது தப்பு." எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல அம்மாவைப் பார்த்தது பிள்ளை. "தப்புன்னாத்தான நீ மறுபடி கேப்ப. மாத்திச் சொல்லலன்னா அடி விழும்."

பஸ் வாழைத் தோப்புகளைத் தாண்டி ஓடியது. கண்டக்டர் வந்து யாரிடமோ சில்லறை கேட்டார். கனகாவுக்கு அழகர் வந்த அன்றைக்கு விழுந்த கொட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. பதினான்கு. வெளுத்த முகம். பதிமூணு. ஒரு மாதமாக மதியம் மதியம் குச்சியை வைத்துக்கொண்டு தான் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்பது முழுசாகத் தெரிந்தது. எண்ணிக்கையை அல்ல. குச்சி சொல்லிக் கொடுத்தது வேறு. அதைப் பிள்ளை ஒரு அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறது.

அவள் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையில் முத்தம் கொடுத்தாள். எல்லாம் தெரிந்த பிள்ளை, தன் பிள்ளை. அந்தச் சரியான பதிலை இன்னொரு தரம் அந்த வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது. அதைக் கேட்டால் மனசு ஆறும்போல இருந்தது.

"எஞ் செல்லம், எந் தங்கம்," என்றாள். "அம்மாவுக்குச் சொல்லுத்தா. நீட்டி வச்சா கூடுமா?"

அணைப்புக்குள் பிள்ளையின் உடம்பு விறைத்தது. இரண்டு கைகளும் உள்ளே போய்த் தொடைக்குக் கீழே ஒளிந்துகொண்டன.

"கூடும்மா," என்றாள் பிருந்தா. "நெறய கூடும்."